வாந்திபேதியின் நஞ்சு கண்ட டாக்டர் சம்புநாத் டே

தமிழிலக்கிய வரலாறு கற்பார் யாவரும் ஓர் உண்மையை அறிவர். ஐம்பெருங் காப்பியங்களுள் எண்ணப்படும் வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் ஏடுகள் அழிந்தன. எனினும் அவை அறவே இறந்துபடவில்லை. உரையாசிரியர்களும் தொகை நூலாரும் அவற்றின் செய்யுட்கள் சிலவற்றைத் தத்தம் நூல்களில் எடுத்தாண்டமையால், அச்சில செய்யுட்களேனும் காலவெள்ளத்தைக் கடந்து நம் கைக்கு எட்டின. முத்தொள்ளாயிரத்தை நாம் இன்று சுவைப்பதும் புறத்திரட்டுத் தொகுத்த பெருமகனார் செய்த உதவியினாலேயே ஆகும். ஒரு நூலுக்கு ஆயுள் அளிப்பது அதனை இயற்றியவரின் புலமை மட்டுமன்று. பின்வந்தோர் அதனைப் பெயர் சொல்லி எடுத்தாளும் மேற்கோளும் ஆகும்.

விஞ்ஞான உலகிலும் இஃது உண்மையே. அங்கும் ஓர் ஆராய்ச்சியின் பயன், பின்வரும் ஆராய்ச்சியாளர் எத்தனை பேர் அதனை ஆதாரமாகக் கொண்டனர் என்பதைக் கொண்டே பெரிதும் அளக்கப்படுகிறது. அவ்வாறு எடுத்தாளப்படாது போன ஓர் அரிய ஆராய்ச்சி பத்தாண்டளவு மங்கிக் கிடந்து, பின்னர் உலகெங்கும் மேற்கோளாய் விளங்கிய வரலாறு ஒன்றுண்டு. அவ்வாராய்ச்சியைச் செய்தவர் கல்கத்தா நகரத்து வைத்திய அறிஞர் டாக்டர் சம்புநாத் டே அவர்கள். அன்னாரது வாழ்க்கையை நமது கல்லூரிப் பழைய மாணவர்க்கும், இன்று கற்கும் இளைஞர்க்கும் சுருக்கி உரைப்பதே நம் நோக்கம்.

மலைநாட்டாருக்குள்ள தொடர்பு

வங்காளத்திற் பிறந்து வங்காளத்திலேயே மறைந்த ஒருவரைப் பற்றி ஊவா மாகாணத்து மலர் ஒன்றில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை நம் முன்னோர் நடந்து வந்த பாதையிலேயே கிடக்கிறது.

கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட நம் மூதாதையர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலே தோணியால் இறங்கி, காடும் வனாந்தரமும் கடந்து, மாத்தளை வழியாகக் கண்டி மலைகளுக்குக் கால்நடையாக வந்தனர். அப்பாதையிலே புலியினும் யானையினும் கொடிதாய் அவர்களை வருத்தியது வாந்திபேதி. காலையிற் கூட்டத்தோடு நடந்தவர் மாலையில் வழியோரத்திற் பிணமாகக் கிடந்த செய்திகள் அக்காலத்து ஏடுகளிற் பலவுண்டு. பிற்காலத்தில் மண்டபத்திலே முகாம் அமைத்து, இலங்கைக்கு வருவோரைச் சில நாட்கள் தடுத்து வைத்து, நோயுண்டா எனப் பார்த்து, ஊசி ஏற்றி, அதன் பின்னரே கப்பலேற விட்டனர். 1924ஆம் ஆண்டில் பதுளை வரை புகையிரதம் வந்து சேர்ந்த பின்பும், எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பகுதிகளுக்கு வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு மண்டபம் முகாமின் நினைவு மறையாதிருந்தது.

அந்நோய் கண்டவர் தாகத்தால் தவித்துத் தண்ணீர் தண்ணீரென்று கேட்பார். குடித்தால் இன்னும் பேதியாகும் என்று அஞ்சித் தண்ணீர் கொடாது காத்திருந்த வழக்கம் பல தேசங்களில் இருந்தது. அன்பினால் மறுத்த அத்தண்ணீரே அவரைப் பிழைப்பித்திருக்கக் கூடியது என்பதை அன்று எவரும் அறியார். அந்த அறியாமை நீங்குதற்கு வழிகாட்டினோருள் ஒருவரே டாக்டர் டே. ஆதலின் அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

இளமையும் கல்வியும்

சம்புநாத் டே அவர்கள் 1915ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆந் திகதி, வங்காளத்து ஊக்லி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் சிறு வணிகர், செல்வம் சேர்த்தவரல்லர். குடும்பத்திற் கல்வி கற்றிருந்த சிறிய தந்தையார் ஒருவரின் ஆதரவே இளைஞரின் படிப்புக்கு ஊன்றுகோலாயிற்று. கிராமப் பாடசாலையில் முதன்மை பெற்று, மாவட்டப் புலமைப்பரிசில் பெற்று, ஊக்லி மோசின் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கிருந்து மீண்டும் புலமைப்பரிசிலின் துணையோடு கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார்.

வறுமை ஒரு புறமும் அறிவு வேட்கை மறு புறமும் இழுக்க, பிறர் உதவியாற் கற்று முன்னேறிய மாணவரின் வரலாறு நம் தோட்டப்புறப் பாடசாலைகளுக்குப் புதியதன்று. லயத்து அறையில் விளக்கொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் நம்மிடையேயும் உளர். அவர்கள் இவ்வரலாற்றிலே தம்மையே காண்பர்.

1939ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற டே அவர்கள், 1942இல் வெப்பமண்டல நோய் மருத்துவத்தில் டிப்ளோமாவும் பெற்றார். நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டும் வழியை விடுத்து, நோயின் காரணத்தை ஆராயும் நோயியல் துறையையே தம் துறையாகத் தேர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் போதனாசிரியராய் அமர்ந்து, பேராசிரியர் பி. பி. திரிவேதி அவர்களின் கீழ் ஆராய்ச்சி பழகினார். அக்கல்லூரியின் பேராசிரியராயிருந்த எம். என். டே அவர்களின் புதல்வியை மணந்தார்.

1947ஆம் ஆண்டில் அவர் இலண்டன் சென்றார். அங்கே யூனிவர்சிற்றிக் கல்லூரி வைத்தியசாலை மருத்துவப் பள்ளியில், புகழ் பெற்ற நோயியல் அறிஞர் றோய் கமரன் அவர்களிடம் மாணவராகச் சேர்ந்து, நரம்பின் காரணமாக நுரையீரலில் நீர் கோக்கும் நிலையைப் பற்றி ஆராய்ந்து, 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். உடலிலே நீர் தன் இடம் விட்டுப் பிற இடம் பெயர்வது எங்ஙனம் என்னும் வினா இவ்வாறு அவர் கருத்திற் பதிந்தது. நுரையீரலைப் பற்றி எழுந்த அவ்வினாவே குடலைப் பற்றிய வினாவாக மாறிப் பின்னர் அவர் பெயரை நிலைநிறுத்தியது எனல் பொருந்தும்.

அவருக்கு முன் அறிந்தவையும் அறியாதவையும்

தாயகம் மீண்ட டே அவர்கள் கல்கத்தாவிலுள்ள நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். வாந்திபேதியின் தாய்நிலம் என்று உலகம் கருதியது கங்கையின் கழிமுகத்தையே. வைத்தியசாலைக் கட்டில்களில் அந்நோயால் மடிவோரைக் காணாத ஆண்டு கல்கத்தாவில் இருந்ததில்லை. கண்முன் நின்ற அந்தக் கொடுமையையே அவர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

அக்காலத்தில் அந்நோயைப் பற்றி அறிஞர் அறிந்தது யாது? 1854ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோன் சினோ என்பார், அழுக்கு நீர் மூலமே நோய் பரவுகிறதென நிறுவினார். அதே ஆண்டில் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் பிலிப்போ பாசினி என்பார் நோயாளரின் குடலில் வளைந்த கிருமியைக் கண்டு எழுதினார். அவர் எழுதியதை உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பதாண்டு கழித்து, ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து, 1884இல் அக்கிருமியே நோய்க்குக் காரணமெனக் காட்டியபோதே உலகம் ஏற்றது. 1965ஆம் ஆண்டில் அக்கிருமியின் முறையான பெயரோடு பாசினியின் பெயரைச் சேர்த்து அறிஞர் உலகம் தன் கடனை ஒருவாறு தீர்த்தது.

கிருமி கண்டாயிற்று. அஃது எவ்வாறு கொல்கிறது என்பதே புதிராயிருந்தது. கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்நஞ்சு குடலைத் தாக்குகிறது என்று கொக் ஊகித்தார். ஆனால் நிறுவிக் காட்டினாரல்லர். பின்வந்த பைவர் என்பார், நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருப்பது, கிருமி சாகும்போதே வெளிப்படுவது என்றார். அக்கொள்கையே அரைநூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. நோயின்போது குடலின் உட்சவ்வு உரிந்து போகிறது என்றும் பலர் நம்பினர்.

நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்க்கும் ஆற்றலை உடம்பில் உண்டாக்கும் முயற்சியும் கல்கத்தாவிலேயே நடந்தது. 1893ஆம் ஆண்டில் அங்கு வந்த வால்டெமார் ஹஃப்கின் அவர்கள், வாந்திபேதிக் கிருமியையே தடுப்பூசியாக்கிக் கல்கத்தாச் சேரிகளிலும், அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் ஏற்றினார். பெருந்தொண்டு அது. ஆயினும் தோலின் கீழ் ஏற்றிய ஊசி குடலைக் காக்கும் வலிமை முழுமையுமன்று, நெடுநாள் நிற்பதுமன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பகைவன் எந்த ஆயுதத்தால் தாக்குகிறான் என்பது தெரியாமல் கேடயம் செய்வது எங்ஙனம்? அந்த ஆயுதத்தைக் கண்டறிவதே டே அவர்களுக்குரிய பணியாயிற்று.

முயற்குடலிற் கண்ட உண்மை

ஒரு நோயை ஆராய்வதற்கு அந்நோயை விலங்கொன்றில் உண்டாக்கிப் பார்த்தல் வேண்டும். வாந்திபேதியோ மனிதரையன்றி வளர்ந்த விலங்குகளை எளிதிற் பற்றுவதில்லை. முயலுக்குக் கிருமியை ஊட்டினால் அஃது ஒன்றுமறியாதது போல் ஓடித் திரிகிறது. குருதியிற் செலுத்தினால் இறந்துபடுகிறது. ஆனால் பேதியின் குறி ஒன்றும் தோன்றுவதில்லை. எனவே கிருமியின் நஞ்சைத் தேடியவர்கள் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடங்களில் தேடிக் களைத்தனர்.

டே அவர்கள் நேரிய வழியொன்றைத் தேர்ந்தார். வாந்திபேதி குடலின் நோயாயின், குடலுக்குள்ளேயே அதனைச் சோதித்தல் வேண்டும் என்று துணிந்தார். பட்டினியிட்ட முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் சில அங்குல நீளத்தை இரு புறமும் நூலாற் கட்டித் தனி அறையாக்கினார். கிருமி வளர்ந்த ஊட்டநீரை ஊசியால் அவ்வறைக்குள் இட்டு, வயிற்றைத் தைத்து விட்டார். மறுநாள் திறந்து பார்க்கையில், கட்டிய குடற்பகுதி நோயாளரிடம் காணும் அரிசி கழுவிய நீரையொத்த திரவத்தால் நிறைந்து பருத்திருந்தது. கிருமியில்லாத நீரை இட்ட பகுதி சுருங்கியபடியே கிடந்தது. நோயின் உயிர்நிலையான நீர்ப்பெருக்கை ஆய்வுகூடத்தில் முதன்முறையாகத் தெளிவுறக் காட்டும் வழி இவ்வாறு பிறந்தது. டி. என். சட்டர்ஜி அவர்களோடு சேர்ந்து இதனை 1953ஆம் ஆண்டில் நோயியல் ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்.

வேண்டியவை முயல், கத்தரிக்கோல், நூல், ஊசி, கூர்ந்த மதி என்பனவே. விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டப்படவில்லை. வசதி இல்லை என்று கைகட்டி இருப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மறதி பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டு உண்டு. இதே முறையை 1915ஆம் ஆண்டிலேயே வியோல், கிறெந்திரோபுலோ என்னும் இருவர் கையாண்டு பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தனர். எவரும் அதனை எடுத்தாளவில்லை. அது மறைந்தே போயிற்று. டே அவர்களும் அதனை அறியாமலே தம் அறிவினால் அவ்வழியை மீண்டும் கண்டார். அவர் பிறந்த ஆண்டிலேயே கண்டெடுக்கப்பட்ட ஓர் உண்மை, மேற்கோள் பெறாமையால் இறந்து, அவர் கையாலேயே மறுபிறப்பு எய்தியது. இடையிற் கழிந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்நோயால் மாண்டவர்கள் பல இலட்சம் பேர்.

1959ஆம் ஆண்டுக் கட்டுரை

1955ஆம் ஆண்டில் டே அவர்கள் தாம் கற்ற கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கே நோயியல், பற்றீரியவியல் துறைத் தலைவராக மீண்டார். 1956இல், மனிதர் குடலில் இயல்பாக வாழும் கோலிக் கிருமியின் சில இனங்களும் முயற்குடலில் இதே நீர்ப்பெருக்கை விளைப்பதை உடன் ஆராய்வாரோடு சேர்ந்து காட்டினார். குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குப் பெருங்காரணமான அவ்வினத்தைப் பற்றி உலகம் பின்னர் அறிந்தவற்றுக்கெல்லாம் இது முன்னோடியாகும்.

எஞ்சி நின்ற வினா ஒன்று. குடலில் நீரை வருவிப்பது உயிருள்ள கிருமியா, அன்றி அது வெளியிடும் நஞ்சா? இதற்கு அவர் கண்ட சோதனை மிக எளியது. கிருமியை ஊட்டநீரில் வளர்த்து, அந்நீரை நுண்வடியால் வடித்தார். கிருமிகள் யாவும் வடியில் தங்கின. கிருமியற்ற தெளிந்த நீரை மட்டும் முயற்குடலின் கட்டிய பகுதியில் இட்டார். அப்போதும் குடல் அதே திரவத்தால் நிறைந்தது. கிருமி உயிரோடிருக்கும்போதே ஒரு நஞ்சை வெளியே சுரக்கிறது என்பதும், அந்நஞ்சே நீர்ப்பெருக்கின் காரணம் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டன. கொக் ஊகித்து எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், கொக் கிருமி கண்ட அதே நகரத்தில், அவ்வூகம் உண்மையாயிற்று.

இரண்டு பக்கத்துக்கு மேற்படாத அக்கட்டுரை 1959ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் பம்பாயிலுள்ள ஹஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் என். கே. தத்தா அவர்களும் துணைவரும், பால்குடி முயற்குட்டிகளில் கிருமிச் சாற்றை ஊட்டி, உயிருள்ள கிருமியின்றியே பேதி உண்டாதலைக் காட்டினர். இந்திய மண்ணிலே இரு நகரங்களில், ஒருவரையொருவர் சாராது, ஒரே உண்மை ஒரே ஆண்டில் வெளிப்பட்டது.

மறதியும் மீட்சியும்

இத்தகைய கண்டுபிடிப்பு வெளிவந்தவுடன் உலகம் ஆரவாரித்திருக்கும் என்று நாம் எண்ணலாம். நிகழ்ந்தது வேறு. முதலாண்டுகளில் அக்கட்டுரையை எடுத்தாண்டோர் மிகச் சிலரே. 1961ஆம் ஆண்டில் செலிபிஸ் தீவிலிருந்து ஏழாவது உலகப் பெருநோயாக வாந்திபேதி கிளம்பிற்று. அப்போதுதான் மேனாட்டார் கவனம் அந்நோயின்பால் மீண்டும் திரும்பியது. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தற்கு வேண்டிய இரசாயனக் கருவிகளும் நிபுணர் குழுவும் பிற நாடுகளிலேயே இருந்தன. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் பிங்கிள்சுரைன், லொஸ்பலூரோ ஆகிய இருவரும் அந்நஞ்சைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். நஞ்சு உண்டென்று நிறுவியவர் கல்கத்தாவில் மாணவருக்குக் கற்பித்துக் கொண்டிருந்தார். 1973ஆம் ஆண்டில் அவர் பதவியினின்றும் ஓய்வு பெற்றார்.

அவரது சொந்த நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்து கௌரவிக்கவில்லை. பெரும்பரிசு எதுவும் வாழ்நாளில் அவரை நாடி வரவில்லை. அவரும் அவற்றை நாடிச் சென்றவரல்லர்.

ஆனால் உலகில் வேறொரு கணக்கு எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. பிலடெல்பியா நகரத்து இயூஜின் கார்பீல்ட் என்பார், எந்த விஞ்ஞானக் கட்டுரையை எந்த எந்தக் கட்டுரைகள் எடுத்தாளுகின்றன என்பதைத் தொகுத்து, விஞ்ஞான மேற்கோள் அட்டவணை என ஒன்றை 1964ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்தார். நம் உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களைத் திரட்டி, எந்நூல் எவ்வளவு பயின்றது என்று கணித்தால் எப்படியோ அப்படிப்பட்டது அவ்வேலை. நஞ்சின் ஆராய்ச்சி வளர வளர, அதன் வேரைத் தேடிச் சென்றவர்கள் யாவரும் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சென்றடைந்தனர். முயற்குடற் சோதனை உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் வழக்கமான முறையாயிற்று. ஒக்ஸ்போட் அறிஞர் வான் ஹைனிங்கன், தாம் ஒருவரோடு இணைந்து 1983இல் வெளியிட்ட வாந்திபேதி ஆராய்ச்சி வரலாற்று நூலில், டே அவர்களின் கட்டுரைக்கு உயர்ந்த இடம் அளித்தார்.

1978ஆம் ஆண்டில் நோபெல் நிறுவனத்தார் வாந்திபேதியையும் அதனை ஒத்த பேதிநோய்களையும் பற்றி நடத்திய கருத்தரங்குக்கு டே அவர்களைச் சுவீடன் நாட்டுக்கு அழைத்தனர். ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்த முதியவர் சென்று உரையாற்றினார். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே தாம் மறக்கப்பட்டுப் புதையுண்டிருந்ததாகவும், அவ்வழைப்பே தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அவர் அவையோர்க்கு உரைத்தார். நோபெல் பரிசு பெற்றவரான ஜோசுவா லெடர்பேர்க் அவர்கள், டே அவர்களின் பெயரை அப்பரிசுக்கு ஒரு முறைக்கு மேலும் முன்மொழிந்தார். பரிசு கிட்டவில்லை.

1985ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் திகதி, எழுபது வயது நிரம்பிய டாக்டர் டே கல்கத்தாவில் இயற்கை எய்தினார். மறு ஆண்டிலே கார்பீல்ட் அவர்கள் தம் அட்டவணையை ஆதாரமாகக் கொண்டு, வாந்திபேதி ஆராய்ச்சியில் டே அவர்களின் பங்கை விளக்கி ஒரு கட்டுரை வரைந்தார். தொடக்கத்தில் கவனிக்கப்படாது கிடந்த ஒரு கட்டுரை, பின்னர் அத்துறைக்கே எல்லைக்கல்லாயிற்று என்பதை அது மேற்கோட் கணக்கினாற் காட்டியது. 1990ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து வெளிவரும் கறன்ற் சயன்சு சஞ்சிகை அவர் நினைவாகச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. உயிரோடிருந்த நாளிற் செய்யாத மரியாதையைத் தாயகம் அவர் மறைந்து ஐந்தாண்டின் பின்னரே செய்தது.

அவர் ஆராய்ச்சியின் பயன்

டே அவர்கள் காட்டிய வழியே சென்ற அறிஞர் அந்நஞ்சின் அமைப்பை முற்றும் அறிந்தனர். அஃது இருவகைக் கூறுகளால் ஆயது. ஐந்து துண்டுகள் கொண்ட ஒரு கூறு குடற்கலத்தின் மேற்புறத்தைப் பற்றிக் கொள்கிறது. மற்றைக் கூறு கலத்தின் உட்புகுந்து, நீரையும் உப்பையும் வெளியேற்றும் கதவை மூடாதபடி திறந்து விடுகிறது. குடல் உரிவதுமில்லை, புண்படுவதுமில்லை. வீட்டைக் கொள்ளையிடும் கள்வன் சுவரை இடியாமல் கதவைத் திறந்து வைத்துப் பொருளை வெளியே அனுப்புவது போன்றதே அதன் செயல். ஒரு நாளிலேயே பல லீற்றர் நீரை உடல் இழந்து, குருதி தடித்து, நோயாளி மடிகிறார்.

குடல் கெடாமல் இருக்கிறதென்றால் அதன் உறிஞ்சும் ஆற்றலும் கெடவில்லை. உப்பையும் சர்க்கரையையும் உரிய அளவிற் கரைத்து ஊட்டினால் சர்க்கரையோடு உப்பும், உப்போடு நீரும் உடலிற் சேரும் என்பதை வேறு ஆராய்ச்சியாளர் அறுபதுகளில் நிறுவினர். 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்து அகதிகள் பொங்கான் முகாமில் வாந்திபேதியால் வாடியபோது, டாக்டர் திலீப் மகாலனாபிசு அவர்கள் அக்கரைசலையே கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஜீவனி என்னும் பெயரால் நம் தோட்டத்துத் தாய்மார் அறிந்திருக்கும் தூள் அவ்வினத்ததே. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் மறுத்த காலம் அவ்வாறு ஒழிந்தது.

நிர்ப்பீடனவியலாரும் இவ்வறிவினாற் பயன் பெற்றனர். நஞ்சின் பற்றிக்கொள்ளும் கூறு மட்டும் தனியே தீங்கு செய்யாது. ஆனால் அதனை உட்கொண்டால் குடல் தானே அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் என்று கண்டனர். சுவீடனைச் சேர்ந்த அறிஞர் அக்கூற்றையும் கொல்லப்பட்ட கிருமியையும் சேர்த்து, வாயால் அருந்தும் தடுப்பு மருந்து ஆக்கினர். டே அவர்கள் மறைந்த 1985ஆம் ஆண்டிலேயே வங்காளதேசத்து மட்லாப் என்னுமிடத்தில் அது மக்களிடையே பெருமளவிற் சோதிக்கப்பட்டது. பின்னர் வறிய நாடுகளுக்கென நஞ்சின் கூறு சேராத, மலிவான வாய்மருந்துகளும் ஆக்கப்பட்டன. எவ்வகையாயினும், காக்கப்பட வேண்டிய இடம் குடலே என்னும் தெளிவு டே அவர்களின் முயற்குடற் சோதனைக்குப் பெரிதும் கடன்பட்டது.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, தன் கண்முன் நிற்கும் துன்பத்தையே தன் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளல். டே அவர்கள் இலண்டனிற் கற்று வந்தும், இலண்டனுக்கு உவப்பான பொருளைத் தேடவில்லை. கல்கத்தாவின் கட்டில்களில் மடிந்தோரையே நோக்கினார். நம் மலைகளிலும் ஆராயப்பட வேண்டிய துன்பங்கள் பலவுள. அவற்றை ஆராய்வதற்கு இங்கு பிறந்து வளர்ந்தோரே மிக ஏற்றவர்.

மற்றொன்று, பிறர் உழைப்பைப் பயன்கொள்ளும்போது அவர் பெயரைக் கூறல். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தார். நம் உரையாசிரியர்கள் தாம் எடுத்தாண்ட நூலின் பெயரைச் சுட்டினர். மேற்கோள் என்பது விஞ்ஞானியின் செய்ந்நன்றி அறிதலே ஆகும். அது தவறும்போது பாசினிக்கு முப்பதாண்டும், வியோலுக்கும் அவர் துணைவருக்கும் முப்பத்தெட்டாண்டும் நிகழ்ந்தது போல, உண்மை புதையுண்டு போகிறது. அவ்விடைவெளியில் மக்கள் மடிகின்றனர். நன்றி மறத்தலால் நேரும் கேடு மறக்கப்பட்டவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஜுபிலி காணும் இந்நாளில், நமது கல்லூரியின் பழைய மாணவர்கள் பல துறைகளிலும் சிறந்து விளங்குகின்றனர். அவர்களுக்கு எழுத்தறிவித்தவர்களுள் ஊரறியாத ஆசிரியர் பலர். புலமைப்பரிசில் தேடிக் கொடுத்தவர்களும், தம் கூலியிற் சிறிது பிடித்துச் சகோதரர் மகனைப் படிப்பித்த சிறிய தந்தையரும் உளர். அவர்கள் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறியதில்லை. அவற்றை நாமே எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதுதல் வேண்டும். டாக்டர் டே அவர்களுக்குச் சொந்த நாடு செய்யத் தவறியதை நாம் நம்மவருக்குச் செய்யத் தவறலாகாது.

வாழ்க டாக்டர் சம்புநாத் டே அவர்களின் புகழ்! வளர்க நமது கல்லூரி!